அளவுகோலைக் காத்த அன்னா மணி

விஞ்ஞான வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் கண்டுபிடிப்புகளையே கணக்கில் கொள்கின்றனர். புதியதொரு விதியை வகுத்தவருக்கும், அதுவரை எவரும் காணாத ஒன்றைக் கண்டவருக்கும் நூல்களில் தனி அத்தியாயம் கிடைக்கிறது. அந்த விதி மெய்யா பொய்யா என்று சோதித்துப் பார்க்க உதவிய கருவியைச் செய்தவருக்கும், அக்கருவி பிசகாதவாறு ஆண்டுக்கணக்காகப் பேணி வந்தவருக்கும் கிடைப்பது அநேகமாக ஓர் அடிக்குறிப்புத்தான். மற்றத் துறைகளில் இவ்வழக்கத்தால் நேரும் தீங்கு சிறிதாக இருக்கலாம். தட்பவெப்பநிலை ஆராய்ச்சியிலோ இது நியாயமற்றது மட்டுமன்று, நாட்டுக்குக் கேடு விளைவிக்கக் கூடியதும் ஆகும். இவ்வுண்மையை விளங்கிக் கொள்வதற்கு அன்னா மணி அம்மையாரின் வாழ்க்கையைவிடச் சிறந்த சான்று நமக்குக் கிடைப்பது அரிது.

அரை டிகிரியின் மதிப்பு

வட இந்தியாவின் கோடைநாளில் விடியற்காலைக்கும் பிற்பகலுக்கும் இடையே வெப்பநிலை பத்து டிகிரிக்கு மேல் மாறுவது சாதாரணம். ஆனால், மத்தியப் புவி அறிவியல் அமைச்சகம் 2020-ஆம் ஆண்டில் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 1901 முதல் 2018 வரை இந்தியாவின் சராசரி வெப்பநிலை உயர்ந்திருப்பது ஏறத்தாழ 0.7 டிகிரி சென்டிகிரேடு மட்டுமே. இந்தச் சிறு உயர்வை எந்த மனிதனும் தன் உடலால் உணர முடியாது. ஆயினும் மழையின் போக்கையும், பயிரின் பருவத்தையும், வெப்ப அலைகளின் கடுமையையும் மாற்றுவதற்கு இது போதும். நாம் இதை அறிந்தது ஏடுகளில் நாள்தோறும் குறிக்கப்பட்ட எண்களைக் கொண்டுதான்.

வெப்பமானி ஒன்று காலப்போக்கில் அரை டிகிரி பிசகுகிறது என்று வைத்துக் கொள்வோம். ஒரு நூற்றாண்டில் நிகழ்ந்த மாற்றத்தின் பெரும் பகுதி அந்தப் பிசகிலேயே மறைந்துவிடும். பிசகு எதிர்த்திசையில் இருந்தால், இல்லாத மாற்றம் இருப்பதாகத் தோன்றும். நாளைய வானிலையை முன்கூட்டிச் சொல்பவரின் தவறு நாளையே வெளிப்பட்டு விடுகிறது. தட்பவெப்பநிலையை ஆராய்பவரின் நிலை அத்தகையதன்று. 1960-ஆம் ஆண்டில் தவறாக அளந்துவிட்ட சூரிய ஒளியை இன்று திரும்பிச் சென்று மீண்டும் அளக்க எவராலும் இயலாது. தவறான அளவீடு, அளவீடே இல்லாதிருப்பதைவிடத் தீயது என்பது அன்னா மணி தம் பணி முழுவதும் கடைப்பிடித்த கொள்கை. அதன் பொருள் இதுவே.

வைரத்திலிருந்து வானிலைக்கு

அன்னா மணி 1918 ஆகஸ்டு 23 அன்று அன்றைய திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்த பீர்மேட்டில் பிறந்தார். தந்தையார் கட்டடப் பொறியாளர், ஏலத்தோட்ட உடைமையாளர். பெண்மக்களை வைரத்தோடு அணிவித்து மணம் முடித்து அனுப்புவதே வழக்கமாக இருந்த குடும்பம் அது. எட்டாவது பிறந்தநாளன்று தமக்கு அளிக்கப்பட்ட வைரத்தோட்டை மறுத்து, அதற்குப் பதிலாக ஆங்கிலக் கலைக்களஞ்சியத் தொகுதியைக் கேட்டுப் பெற்றார் அச்சிறுமி. காந்தியடிகளின் கொள்கைகளில் ஈடுபட்டு இளமையிலேயே கதராடை உடுத்தத் தொடங்கினார்.

1939-இல் சென்னையில் பௌதிகத்திலும் ரசாயனத்திலும் ஆனர்ஸ் பட்டம் பெற்றபின், 1940-இல் உதவித்தொகையுடன் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் சேர்ந்து, சி. வி. ராமனின் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றினார். சிறுவயதில் வேண்டாமென ஒதுக்கிய வைரமே அவருடைய ஆராய்ச்சிப் பொருளாக அமைந்தது. முப்பதுக்கும் மேற்பட்ட வைரங்களின் ஒளிர்வையும் நிறமாலையையும் அவர் ஆராய்ந்தார். மங்கலான அவ்வொளியைப் படத்தகட்டில் பதிக்க ஒவ்வொரு முறையும் 15 முதல் 20 மணி நேரம் வரை காத்திருக்க வேண்டும். அதன் பொருட்டுச் சில இரவுகளை ஆய்வுக்கூடத்திலேயே கழித்தார். 1942-க்கும் 1945-க்கும் இடையில் தாம் ஒருவரே ஆசிரியராக ஐந்து ஆராய்ச்சிக் கட்டுரைகளை வெளியிட்டார்.

1945 ஆகஸ்டில் டாக்டர் பட்டத்துக்கான ஆய்வுரையைச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குச் சமர்ப்பித்தார். அவரிடம் எம்.எஸ்ஸி. பட்டம் இல்லை என்ற காரணத்தால் அது ஏற்கப்படவில்லை. ஆனர்ஸ் பட்டமும், கழகம் அளித்த உதவித்தொகையும், வெளியான ஐந்து கட்டுரைகளும் அவ்விதியின் முன்னே எடுபடவில்லை. ஆய்வுரை இன்று பெங்களூர் ராமன் ஆராய்ச்சி நிலையத்தின் நூலகத்தில் இருக்கிறது. இதனை அம்மையார் பெரிதுபடுத்தவில்லை. ஆனால் நாம் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று இதில் உண்டு. ஒருவர் செய்த வேலையைப் பாராமல், அவர் கையிலுள்ள சான்றிதழைப் பார்த்து மதிப்பிடும் பழக்கம் அன்று இருந்தது. அது முற்றும் ஒழிந்துவிட்டது என்று இன்றும் சொல்ல முடியாது.

அதே ஆண்டில் அரசாங்க உதவித்தொகை பெற்று அவர் இங்கிலாந்து சென்றார். லண்டன் இம்பீரியல் கல்லூரியில் பௌதிகம் பயில வேண்டுமென்பதே அவர் விருப்பம். கிடைத்த இடமோ வானிலைக் கருவிகளைப் பற்றிய பயிற்சிக்கானது. தற்செயலாக வாய்த்த அந்தப் பயிற்சியே அவர் வாழ்க்கைப் பணியை நிர்ணயித்தது.

கருவிகளில் சுயராஜ்யம்

1948-இல் தாயகம் திரும்பிய அன்னா மணி இந்திய வானிலை இலாகாவில் சேர்ந்து, புனாவில் கருவிப் பிரிவில் அமர்ந்தார். 1875-இல் தோன்றிய அந்த இலாகா அதுகாறும் எளிய கருவிகளுக்குக்கூட அந்நிய நாட்டையே பெரிதும் நம்பியிருந்தது. எஸ். பி. வெங்கடேசுவரனின் தலைமையில் உள்நாட்டிலேயே கருவிகளைச் செய்யும் முயற்சி நடந்து கொண்டிருந்தது. அதனை முறைப்படுத்தும் பொறுப்பு அம்மையாரிடம் வந்தது.

ஏறத்தாழ நூறு வகை வானிலைக் கருவிகளுக்குத் தரப்படுத்திய வரைபடங்களை அவர் தயாரித்து, உற்பத்தியைத் தொடங்கி வைத்தார். 1953-க்குள் 121 ஆண்கள் பணிபுரிந்த பிரிவுக்கு அவர் தலைவியானார்.

நூறு வரைபடங்கள் என்பது கேட்பதற்குச் சாதாரணமாக இருக்கலாம். அதன் விளைவை எண்ணிப் பார்க்க வேண்டும். ராஜஸ்தானத்துப் பாலைவனத்தில் நிற்கும் மழைமானியும், அஸ்ஸாமின் மலைச்சரிவில் நிற்கும் மழைமானியும் ஒரே அளவின்படி செய்யப்பட்டிருந்தால்தான், அவ்விரு இடங்களின் மழையையும் ஒன்றோடொன்று ஒப்பிட முடியும். கருவிக்குக் கருவி அளவு வேறுபட்டால், எண்கள் இருக்கும். அவற்றிலிருந்து அறிவு பிறக்காது. பரந்த ஒரு நாட்டின் வானிலைப் பதிவேடு முழுவதையும் ஒரே மொழியில் எழுதச் செய்தவர் என்று அம்மையாரைக் கூறினால் அது மிகையாகாது.

சூரியனை அளந்த விதம்

1957-58-ஆம் ஆண்டுகளில் உலக நாடுகள் ஒன்றுகூடிச் சர்வதேச பூபௌதிக ஆண்டைக் கொண்டாடின. அப்போது, இந்தியாவெங்கும் சூரியக் கதிர்வீச்சை அளக்கும் நிலையங்களின் வரிசையொன்றை அன்னா மணி நிறுவினார். தட்பவெப்பநிலை முழுவதற்கும் ஆதாரம் சூரியனிடமிருந்து வரும் சக்தியே. அது தரையை எவ்வளவு வந்தடைகிறது என்பதை அறியாமல் மற்றெதையும் அறிய முடியாது.

சூரியக் கதிர்மானியின் தத்துவம் எளிது. கண்ணாடிக் கவிகையின் கீழே கரிய பூச்சிட்ட பரப்பொன்று இருக்கிறது. வெயில் பட்டதும் அது சூடேறுகிறது. அச்சூட்டுக்கும் கருவியின் அடிப்பகுதியிலுள்ள குளிர்ச்சிக்கும் இடையிலான வேறுபாடு, பல உலோக இணைப்புகளின் வழியே நுண்ணிய மின்னழுத்தமாக மாறுகிறது. அதை அளந்தால் வெயிலின் அளவு தெரிந்துவிடும்.

இடர்ப்பாடு பின்னால் வருகிறது. ஓயாத வெயிலில் அக்கரிய பூச்சு நாளடைவில் வெளிறுகிறது. கவிகையில் தூசி படிகிறது. கருவியின் உணர்திறன் ஆண்டுதோறும் நூற்றுக்கு ஒரு பங்கு குறைந்தாலும், பத்தாண்டு முடிவில் சூரியனே நூற்றுக்குப் பத்துப் பங்கு மங்கிவிட்டதாக ஏடு சொல்லும். ஆகவே ஒவ்வொரு நிலையத்தின் கருவியையும் குறித்த காலத்தில் தேசியத் தரக் கருவியோடு ஒப்பிட வேண்டும். தேசியத் தரக் கருவியை, சுவிட்ஸர்லாந்தின் டாவோஸ் நகரில் ஐந்தாண்டுக்கொரு முறை நடைபெறும் ஒப்பீட்டில் உலகத் தரத்தோடு சரிபார்க்க வேண்டும். இந்தச் சங்கிலியின் ஒரு கண்ணி விட்டுப் போனாலும் கடைசி நிலையத்தின் எண்ணுக்கு மதிப்பில்லை.

அம்மையார் வகுத்த அளவீட்டு முறையின் பயன் அரை நூற்றாண்டுக்குப் பின்னர் வெளிப்பட்டது. இந்தியாவின் 12 நிலையங்களில் 1981 முதல் 2004 வரை பதிவான கதிர்வீச்சு அளவுகளைப் புனா விஞ்ஞானிகள் ஆராய்ந்து 2007-இல் முடிவை வெளியிட்டனர். தரையை வந்தடையும் சூரிய ஒளி அக்காலத்தில் படிப்படியாகக் குறைந்து வந்திருக்கிறது என்றும், புவி வெப்பமாதலின் ஒரு பகுதியை அது ஈடுசெய்து மறைத்திருக்கிறது என்றும் அதனால் தெரிய வந்தது. இத்தகைய குறைவுக்குக் காற்றில் மிதக்கும் புகைத்துகள்கள் முக்கியமானதொரு காரணம். வெளிறிப்போன கருவியும் இதேபோன்ற குறைவைத்தான் காட்டும் என்பதை வாசகர்கள் நினைவிற்கொள்ள வேண்டும். மங்கியது வானமா கருவியா என்ற வினாவுக்கு விடை சொல்ல வல்லது, முறைப்படி சரிபார்க்கப்பட்ட கருவி ஒன்றே.

ஓஸோனும் காற்றும்

1960 முதல் அன்னா மணியின் கவனம் ஓஸோன் வாயுவின் பக்கம் திரும்பியது. அவர் வழிகாட்டுதலில் இந்தியாவிலேயே ஓஸோன்மானி உருவாயிற்று. பலூனில் கட்டி உயரே அனுப்பப்படும் அச்சிறு கருவியில், காற்று ஒரு ரசாயனக் கரைசலின் வழியே செலுத்தப்படுகிறது. காற்றிலுள்ள ஓஸோன் அக்கரைசலிலிருந்து அயோடினை விடுவிக்கிறது. அதனால் எழும் மின்னோட்டத்தின் அளவே ஓஸோனின் அளவாகும். சர்வதேச ஓஸோன் குழுவின் உறுப்பினராகவும் அவர் விளங்கினார். 1963-இல் விக்ரம் சாராபாயின் வேண்டுகோளுக்கு இணங்கி, தும்பா ராக்கெட் தளத்தில் வானிலை நிலையத்தையும் கருவிகள் பொருத்திய கோபுரத்தையும் அமைத்துக் கொடுத்தார். 1969-இல் இலாகாவின் துணைத் தலைமை இயக்குநராகி, 1976-இல் ஓய்வு பெற்றார்.

ஓய்வு என்பது பெயரளவில்தான். இந்தியாவின் சூரியக் கதிர்வீச்சைப் பற்றி 1980-இலும், அடுத்த சில ஆண்டுகளிலும் அவர் வெளியிட்ட நூல்கள் சூரிய சக்தித் துறையினருக்குக் கைநூல்களாயின. காற்றின் சக்தியை நாடெங்கும் அளக்கும் பணிக்கும் அவர் தலைமை தாங்கினார். இதிலும் அளவின் நுட்பம் உயிர்நிலையானது. காற்றிலிருந்து கிடைக்கும் சக்தி அதன் வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறுவதால், வேகத்தை நூற்றுக்குப் பத்துப் பங்கு மிகையாகக் குறித்தால் சக்தியின் மதிப்பீடு நூற்றுக்கு முப்பத்து மூன்று பங்கு மிகையாகிவிடும். அந்தக் கணக்கை நம்பி முதல் போட்டவர் நட்டமடைவார். ஆரல்வாய்மொழிக் கணவாயின் காற்றில் இன்று முப்பந்தலில் வரிசையாகச் சுழலும் காற்றாலைகளைக் காண்போர், இத்தகைய அளவீடுகள் இல்லாமல் அத்தொழில் காலூன்றியிராது என்பதை எண்ணிப் பார்ப்பது நன்று.

1987-இல் இந்திய தேசிய விஞ்ஞானக் கழகம் அவருக்கு கே. ஆர். ராமநாதன் பதக்கத்தை வழங்கியது. 2001 ஆகஸ்டு 16 அன்று திருவனந்தபுரத்தில் அவர் காலமானார்.

ஓர் ஆட்சேபமும் அதற்கு விடையும்

அன்னா மணி கருவி வல்லுநரேயன்றித் தட்பவெப்பநிலை விஞ்ஞானி ஆகார் என்று சிலர் கூறக்கூடும். புவி வெப்பமாதலைப் பற்றிய கோட்பாடு எதையும் அவர் வகுக்கவில்லை என்பது உண்மை. ஆனால் இத்துறையின் மிகப் பெரிய முடிவுகள் எவ்வாறு கிடைத்தன என்று பார்ப்போம். அமெரிக்க விஞ்ஞானி சார்லஸ் கீலிங் 1958-இல் ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் கரியமில வாயுவை அளக்கத் தொடங்கினார். அப்போது காற்றில் பத்து லட்சத்துக்குச் சுமார் 315 பங்காக இருந்த அவ்வாயு, 2024-இல் 420 பங்கைக் கடந்துவிட்டது. கீலிங்கின் புகழுக்கு அடிப்படை, பிசகாத கருவியும் விடாத அளவீடுமே. அப்படிப்பட்ட பணியிலும், பொருளுதவி குன்றியதால் 1964-இல் சில வாரங்களுக்குப் பதிவு அறுந்தது. அந்த இடைவெளியை இனி எந்தச் செல்வத்தாலும் நிரப்ப இயலாது.

செயற்கைக் கோள்கள் வந்தபின் தரை நிலையங்கள் எதற்கு என்பது மற்றோர் ஆட்சேபம். செயற்கைக் கோளின் பார்வை பரந்தது என்பதை எவரும் மறுக்கவில்லை. எனினும் அன்டார்க்டிகாவின் மேலே ஓஸோன் படலம் வெகுவாக மெலிந்திருப்பதை 1985-இல் உலகுக்கு அறிவித்தவர்கள், ஹாலி விரிகுடாவில் 1950-களின் பிற்பகுதி முதல் தரையிலிருந்து அளந்து வந்த பிரிட்டிஷ் ஆராய்ச்சியாளர்கள். செயற்கைக் கோளும் அக்குறைந்த அளவுகளைக் கண்டிருந்தது. அவை நம்பத் தகாதவை என்ற ஐயக் குறியுடன் ஒதுங்கிக் கிடந்தன. நெடுங்காலத் தரைப் பதிவு கையில் இருந்தமையால்தான் உண்மை நிலைநாட்டப்பட்டது. இரண்டே ஆண்டுகளில், 1987-இல், மான்ட்ரீல் உடன்படிக்கை உருவாயிற்று. செயற்கைக் கோளின் கண்ணையும் தரையிலுள்ள கருவியைக் கொண்டே சோதிக்க வேண்டியிருக்கிறது.

நாம் செய்ய வேண்டியது

2024 மே 29 அன்று டில்லியில் முங்கேஷ்பூர் தானியங்கி நிலையம் 52.9 டிகிரி வெப்பத்தைக் காட்டியது. அச்செய்தி உலகமெங்கும் பரவிற்று. வானிலை இலாகா உடனே தரக் கருவியை அங்கே கொண்டு சென்று ஒப்பிட்டுப் பார்த்து, நிலையத்தின் உணர்கருவி ஏறத்தாழ மூன்று டிகிரி மிகையாகக் காட்டுகிறது என்று சில நாட்களுக்குள் அறிவித்தது. இச்சம்பவத்தை இலாகாவின் தோல்வியாகக் கருதுவது தவறு. புகழ்தரும் எண்ணைக் கைவிட்டு உண்மையைத் தேடிய அச்செயலில் அன்னா மணியின் வழி வாழ்கிறது. ஆனால் 52.9 என்பது எவருக்கும் ஐயம் தரும் எண். ஆகவே சோதனை நடந்தது. 44 டிகிரியை 45 என்று காட்டும் கருவியை யார் ஐயுறுவார்கள்? ஐயத்துக்கு இடமளிக்காத சிறு பிசகே தட்பவெப்பநிலை ஏட்டுக்குப் பெரும் பகை.

2024 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை 2,000 கோடி ரூபாய்ச் செலவில் 'மிஷன் மௌசம்' திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. புதிய ராடார்களும், கருவிகளும், கணிப்பொறிகளும் நாட்டுக்குத் தேவை. அவற்றை வரவேற்கிறோம். புதிய கருவியை நிறுவும் நாளில் விழா நடக்கிறது. அதை ஆண்டுதோறும் சரிபார்க்கும் நாளில் விழா இல்லை. செலவைச் சுருக்க நேரும்போது முதலில் கைவைக்கப்படுவது பெரும்பாலும் இரண்டாவதன் மீதே. இப்போக்கைத் தடுக்க நான்கு செயல்கள் இன்றியமையாதன என்பது எம் கருத்து.

முதலாவதாக, ஐம்பது ஆண்டுக்கு மேற்பட்ட நிலையங்களைக் கட்டடம், சாலை முதலிய காரணங்களுக்காக இடம் பெயர்க்கலாகாது. தவிர்க்க முடியாத இடத்து, பழைய கருவியும் புதிய கருவியும் ஓராண்டுக்குக் குறையாமல் ஒருங்கே இயங்க வேண்டும். இரண்டாவதாக, ஒவ்வொரு நிலையத்தின் எண்களோடும் அதன் கருவி கடைசியாகத் தரக் கருவியுடன் ஒப்பிடப்பட்ட நாளையும் வெளியிட வேண்டும். மூன்றாவதாக, கருவி வாங்க ஒதுக்கும் தொகையோடு அதன் ஆயுட்காலம் முழுவதும் சரிபார்ப்பதற்கான தொகையையும் சேர்த்தே ஒதுக்க வேண்டும். நான்காவதாக, கருவிகளைப் பேணும் நுட்பப் பணியாளர்களின் பணியை ஆராய்ச்சியாகவே மதித்து, பட்டமும் பதவி உயர்வும் பெறும் வழியை அவர்களுக்குத் திறந்துவிட வேண்டும். சான்றிதழ் இல்லையென்று ஒரு முறை கதவை மூடி நாம் இழைத்த பிழை மறுபடியும் நிகழலாகாது.

இவற்றுக்கு ஆகும் பொருள் பெரிதன்று. வேண்டுவது பொறுமை. இன்று ஒழுங்காகக் குறிக்கப்படும் எண்ணின் முழுப் பயனையும் துய்க்கப்போகிறவர்கள் இன்னும் பிறவாத தலைமுறையினர். அவர்கள் நம் ஏடுகளைப் புரட்டும்போது, இவ்வெண்ணை நம்பலாமா என்று ஐயுற வேண்டிய நிலையை நாம் உண்டாக்கக் கூடாது. அன்னா மணி தாம் விட்டுச் சென்ற ஏடுகளில் அத்தகைய ஐயத்துக்கு இடம் வைக்கவில்லை. அவருக்கு நாம் செலுத்தும் மரியாதை, அவர் பெயரால் மண்டபம் கட்டுவதினும், அவர் அமைத்த நிலையங்களின் கருவிகளை நாள் தவறாமல் சரிபார்ப்பதிலேயே சிறப்புறும்.